கரிசல் மண், மேற்கு வெயில், உப்புத் தண்ணீர்: வேலியோரம் எந்த அழகுப் புல் நிற்கும்?

பல்லடத்தான்:

வணக்கம். பல்லடம் பக்கம் வீட்டு மனை. மேற்குக் கம்பிவேலியை ஒட்டி 40 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு பட்டை காலியாக இருக்கிறது. அதில் பூச்செடி வேண்டாம், உயரமான அழகுப் புல் வகைகள் வைக்கலாம் என்று எண்ணம். ரோட்டுப் புழுதியும் கொஞ்சம் மறையவேண்டும்.

மண் நல்ல கரிசல். இரண்டடி தோண்டினால் சுண்ணாம்புக் கல் கலந்து வருகிறது. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிற்கும். போர் தண்ணீர்தான், டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1,800. மதியம் 12 மணியிலிருந்து பொழுது சாயும்வரை நேர் வெயில். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

நர்சரியில் வாங்கிய ஊதா பவுண்டன் புல் ஆறு தொட்டி இருக்கிறது. அதில் மூன்று பச்சையாகிவிட்டது. ஒரு தொட்டியில் தூரின் நடுப்பாகம் காய்ந்து, ஓரத்தில் மட்டும் வளையமாகத் துளிர் இருக்கிறது. இவற்றைப் பிரித்துத் தரையில் நடலாமா? பம்பாஸ் புல் விதை ஆன்லைனில் கிடைக்கிறது, அது இந்த வெயிலுக்கு வருமா? நாணல் வைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். எது, எவ்வளவு இடைவெளி, எப்போது நடுவது? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தூர்வாரி:

புல் பெயரைப் பார்க்கும் முன் ஒன்றைப் பாருங்கள். அது தூர் கட்டும் புல்லா, மண்ணுக்குள் ஓடும் புல்லா? தூர் கட்டும் புல் வைத்த இடத்திலேயே பருக்கும். வெட்டிவேர், எலுமிச்சைப் புல், பவுண்டன் புல் எல்லாம் அந்த வகை. ஓடும் புல் மண்ணடித் தண்டை நீட்டி ஐந்தடி தள்ளி முளைக்கும். நாணல், தர்ப்பை, கொறுக்கை இந்த வகை. 4 அடிப் பட்டைக்கு ஓடும் புல் வேண்டவே வேண்டாம். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் நிலம் இருந்தால் இன்னும் வேண்டாம்.

உங்கள் நிலைமைக்கு முதுகெலும்பாக வெட்டிவேரை வையுங்கள். வாசனை வேருக்காக மட்டும் வளர்ப்பது என்று நினைத்து அழகுச் செடிக் கணக்கிலேயே பலர் சேர்ப்பதில்லை. நல்ல வெயிலில் ஐந்தாறு அடி உயரம், நுனி வளைந்து விழும் தோகை, காற்றில் சாய்ந்து திரும்ப நிமிரும் தண்டு. உப்பு, சுண்ணாம்பு, நீர் தேக்கம், வறட்சி நான்கையும் தாங்கும் இன்னொரு புல் நம் சமவெளியில் எனக்குத் தெரிந்து இல்லை. வேர் நேர்கீழாக இறங்கும், தளர்ந்த மண்ணில் 3 மீட்டர் வரைகூடப் போகும், பக்கவாட்டில் அதிகம் ஓடாது. அஸ்திவாரம், கம்பிவேலிக் கல்கால் எதற்கும் ஆபத்தில்லை. தென்னிந்திய வகை விதை பிடித்துப் பரவுவதும் இல்லை. வட இந்தியாவில் தானே முளைத்துக் கிடக்கும் வகை பூத்து விதை கட்டும், அதை வாங்காதீர்கள். கடலூர் மாவட்டக் கடற்கரை மணலில் வேருக்காகப் பயிரிடுகிறார்கள். வேர் தோண்டும் சமயத்தில் கேட்டால் வெட்டிப் போடும் தூரிலிருந்தே நாற்று கிடைக்கும்.

நாற்று வந்ததும் ஒன்றைக் கையில் எடுத்து அடிக்கணுவை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக, கெட்டியாக இருந்தால் பிழைக்கும். பழுப்பேறி நார்நாராக வந்தால் குப்பைக்குத்தான். நடுவில் கெட்டியான பூத்தண்டு ஓடியிருக்கும் துண்டும் மெதுவாகத்தான் வேர் விடும், அதையும் ஒதுக்குங்கள். தோகையை ஒரு சாண் விட்டு வெட்டி, வேரை நான்கு விரற்கடை அளவுக்குக் குறைத்து, குழிக்கு மூன்று கிளைப்பு (தூரிலிருந்து பிரித்த தனித் தண்டு) சேர்த்து நடவேண்டும்.

இடைவெளி உங்கள் நோக்கத்தைப் பொறுத்தது. புழுதி மறைக்கச் சுவர் மாதிரி வேண்டுமென்றால் அரை அடிக்கு ஒரு குழி. 40 அடிக்கு 80 குழி, 240 கிளைப்பு. ஒவ்வொரு தூரும் தனியாக, நீரூற்று மாதிரி விரிந்து தெரியவேண்டும் என்றால் இரண்டரை அடிக்கு ஒன்று, 16 தூர் போதும். இரண்டாவது முறையைத்தான் நான் சொல்வேன். நெருக்கி நட்டால் சீக்கிரம் மறைக்கும், ஆனால் மூன்றாம் வருஷம் பிரித்தெடுக்க இடமிருக்காது.

4 அடி அகலத்தில் உயரமான புல் ஒரே வரிசைதான். வேலியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நடுங்கள். முன்னால் பவுண்டன் புல்லை இரண்டாவது வரிசையாக வைக்க ஆசை வரும். ஒரு வருஷத்தில் வெட்டிவேர் தோகை அதன்மேல் கவிழ்ந்துவிடும். முன் விளிம்புக்கு மழை லில்லிக் கிழங்கை நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகப் பதியுங்கள். அது புல் இல்லைதான், இலை புல் மாதிரியே இருக்கும், மேற்கு வெயிலைத் தாங்கும், மழை விழுந்ததும் பூக்கும்.

தூர்வாரி:

மேட்டுப்பாத்தி பற்றித் தனியாக எழுதுகிறேன், அதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

கரிசலில் பத்து சட்டி மணலைக் கொட்டிக் கிளறினால் வடிகால் வந்துவிடாது. களிமண் துகள் மணலைச் சுற்றி அடைத்துக்கொண்டு முன்பைவிட இறுகிப்போகும். மண்ணை மாற்றப் போராடாமல் மேலே செம்மண் கொட்டி ஓரடி உயர்த்துங்கள். 40 க்கு 4 க்கு 1 என்றால் 160 கன அடி, அதாவது 1.6 யூனிட். செம்மண் படியும்போது கால்பங்கு இறங்கும், அதனால் 2 யூனிட் இறக்குங்கள். கொட்டும் முன் அடியில் உள்ள கரிசலைக் கடப்பாரையால் முக்கால் அடிக்குக் கொத்திவிடவேண்டும். கொத்தாமல் வழவழப்பான தளத்தின்மேல் செம்மண்ணைப் போட்டால் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தேங்கி, வேர் அந்தக் கோட்டோடு நின்றுவிடும்.

மட்கிய தொழு உரம் ஒரு அங்குலக் கனம் போதும், மொத்தம் 13 கன அடி வரும். வேப்பம் பிண்ணாக்கு 2 கிலோ. இதற்குமேல் சத்து வேண்டாம். அழகுப் புல்லுக்கு அதிக உரம் போட்டால் தோகை நீண்டு, தண்டு இளைத்து, நடுவிலிருந்து பிளந்து நாலாபக்கமும் படுத்துவிடும். யூரியாவைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். விளிம்புக்குக் கல் வைத்தால் ஐந்தடிக்கு ஒரு இடத்தில் இரண்டு அங்குல இடுக்கு விடுங்கள், தண்ணீர் வெளியேற வழி வேண்டும்.

எப்போது நடுவது? ஆனியில் பாத்தி போட்டு ஒரு மாதம் தண்ணீர் விட்டுப் படியவிடுங்கள். ஆடியில் நடாதீர்கள். மற்ற ஊரில் ஆடிப்பட்டம் சரி. உங்கள் பக்கம் அந்தக் காற்று, வேர் பிடிக்காத நாற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆவணிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி பாதிக்குள் முடித்தால் வெயில் தணிந்திருக்கும், வடகிழக்கு மழை வரும்போது வேர் ஊன்றியிருக்கும். நட்டபின் பத்து நாள் தினமும் தண்ணீர், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், மழை தொடங்கியதும் நிறுத்திவிடலாம்.

நாற்றங்கால் கோவை:

அந்த ஆறு தொட்டிக்கு வருகிறேன். பச்சையாக மாறியதற்கு மூன்று காரணம் உண்டு, எது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதலில் வெயில். ஊதா பவுண்டனுக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். சன்ஷேடு அடியிலோ மரத்தடியிலோ இருந்த தொட்டியென்றால் இலை பச்சைக்கு இறங்கிவிடும், வெளியே வைத்தால் புதுத் துளிர் ஊதாவாக வரும். பழைய இலை திரும்ப நிறம் மாறாது, அதை வெட்டிவிடுங்கள். இரண்டாவது, தழைச்சத்து அதிகம். கடலைப் பிண்ணாக்குத் தண்ணீர் வாரா வாரம் ஊற்றியிருந்தால் வளர்ச்சி வேகமாகும், நிறம் மங்கும். அதை நிறுத்தினால் அடுத்த சுற்றுத் துளிரில் சரியாகும்.

மூன்றாவது, அது ஊதா வகையே இல்லை. இதுதான் இப்போது அதிகம் நடக்கிறது. அசல் 'ரூப்ரம்' வகையின் இலை ஒரு விரல் அகலம், நடுநரம்பும் சேர்த்து ஊதா, கதிர் ஓரடி நீளத்தில் தலைகுனிந்து நிற்கும். பச்சை வகையின் இலை ஊசிபோல் மெலிசு, கதிர் குட்டையாக, வெளிர் ரோஸ் நிறத்தில் நிமிர்ந்து இருக்கும். உங்கள் மூன்று தொட்டியில் இலையை உருவிப் பாருங்கள். மெலிசாக, சொரசொரவென்று இருந்தால் அது பச்சை வகைதான், என்ன செய்தாலும் ஊதாவாகாது.

அப்படியானால் தரையில் நடாதீர்கள். ரூப்ரம் மலட்டு வகை, விதை பிடிப்பதில்லை என்றே சொல்லலாம், பரவாது. பச்சை வகை விதை காற்றில் பறந்து எங்கும் முளைக்கும். ஹவாய் தீவுகளில் எரிமலைக் குழம்பு இறுகிய தரையைக்கூடப் பிடித்து, காய்ந்து காட்டுத்தீக்கு வழி செய்த புல் இது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 இல் இதை ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் சேர்த்தது. பல்லடத்து மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல் நிற்கும் இடத்தில் இது ஏறினால் ஆடு மாட்டுக்குத்தான் நஷ்டம், முற்றிய புல்லை அவை தொடாது. தொட்டியில் வைத்தாலும் கதிர் வந்ததும் வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று. ரூப்ரம் விதை என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். மலட்டுச் செடிக்கு விதை ஏது? தூர் பிரித்துத்தான் பெருக்கவேண்டும். ஊதா நிறத்தில் விதையிலிருந்தே வரவேண்டுமென்றால் 'பர்ப்பிள் மெஜஸ்டி' அழகுக் கம்பு போடுங்கள். நம் கம்பேதான், இலை, தண்டு, கதிர் எல்லாம் கருநீலம் கலந்த ஊதா. 2003 இல் அமெரிக்காவில் தங்கப் பதக்கம் வாங்கிய ரகம். நாலைந்து அடி வளரும். நாற்றாக இருக்கும்போது பச்சையாகத்தான் இருக்கும், வெயில் பட்டபிறகே கருக்கும், அதனால் பயந்துபோய்ப் பிடுங்கவேண்டாம். நான்கு மாதத்தில் ஆயுள் முடியும். கதிர் முற்றினால் கிளி விடாது.

பல்லடத்தான்:

நாற்றங்கால் அண்ணா, பார்த்துவிட்டேன். பச்சையான மூன்றில் இரண்டு மெலிசு இலை, கதிர் நிமிர்ந்துதான் இருக்கிறது. ஒன்று அகல இலை, அது போர்டிகோ நிழலில் இருந்தது.

நடு காய்ந்த தொட்டியை எப்படிப் பிரிப்பது? வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், புதராக வளர்ந்தால் பாம்பு வரும் என்று அம்மா பயப்படுகிறார்கள். அதையும் சொல்லுங்கள். துணி துவைக்கும் கல்லிலிருந்து சோப்புத் தண்ணீர் ஓடும் மூலை ஒன்று உண்டு, அங்கே எதாவது புல் வருமா?

நாற்றங்கால் கோவை:

நடு காய்வது நோயில்லை. தூரில் பழைய கிளைப்பு நடுவில்தான் இருக்கும். புதுக் கிளைப்பு எப்போதும் வெளிப்பக்கமாகத்தான் வெடிக்கும். நடுவில் காய்ந்த சோகை சேர்ந்து அடைத்துக்கொண்டால் வெயிலும் தண்ணீரும் உள்ளே இறங்காமல் அது செத்துப்போகும். தொட்டியில் சீக்கிரம் வரும், தரையில் ரூப்ரத்துக்கு இரண்டு மூன்று வருஷத்தில் வரும், வெட்டிவேருக்கு இன்னும் தாமதம்.

முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் தோகை முழுவதையும் கயிற்றால் ஒரே கட்டாகக் கட்டி, முக்கால் அடி விட்டு அரிவாளால் வெட்டுங்கள். கட்டாமல் வெட்டினால் குப்பை அள்ளவே அரைநாள் ஆகும். தொட்டியைக் கவிழ்த்து வேர்க்கட்டியை எடுத்து, பழைய ரம்பத்தால் மேலிருந்து கீழாக நான்காக அறுத்துவிடுங்கள். கையால் பிய்த்தால் கிளைப்பு கழுத்தில் முறியும். காய்ந்த நடுப்பாகத்தை எறிந்துவிட்டு, துண்டுக்கு ஐந்து முதல் எட்டு கிளைப்பு இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு கிளைப்பாகப் பிரித்தால் எண்ணிக்கை கூடும், ஆனால் ரூப்ரம் அதில் பாதி போய்விடும். வெட்டிவேர் மாதிரி முரட்டுச் செடி இல்லை இது.

நடும் ஆழம் முக்கியம். வேரும் தண்டும் சேரும் கழுத்து, பழைய மண் மட்டத்திலேயே இருக்கவேண்டும். ஒரு அங்குலம் புதைந்தாலும் ஐப்பசி மழையில் அழுகும். மேலே தூக்கியிருந்தால் புதுவேர் காற்றில் காய்ந்துவிடும். பாத்தியின் தெற்கு முனையில் ஆறு அடியை வெட்டிவேர் இல்லாமல் விட்டு, இரண்டடி இடைவெளியில் ரூப்ரம் மூன்றை வையுங்கள். உங்கள் தண்ணீருக்கு இலை நுனி கொஞ்சம் கருகும், அது தவிர்க்கமுடியாது.

வயல்வெளி:

நாணலை இவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட்டீர்களே. நம் மண்ணின் புல், தண்ணீர் கேட்காது, மழைக்காலம் முடியும்போது வெள்ளிக் கதிர் வந்தால் பம்பாஸ் அதன் பக்கத்தில் நிற்கமுடியாது. இன்றைய கரும்புக்கே அதுதான் உறவு. கோயம்புத்தூரில் 1912 இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 'வெள்ளை' என்ற கரும்போடு நாணலைச் சேர்த்துத்தான் கோ 205 ரகத்தை உண்டாக்கி 1918 இல் வெளியிட்டார்கள். கரும்புக்கு அந்த வலிமை நாணலிடமிருந்து வந்தது. அந்த வலிமை அழகுத் தோட்டத்துக்கும் வேண்டும்தானே? சிமெண்ட் உறைக்குள் வைத்தால் ஓடாது.

தூர்வாரி:

நாணலின் அழகில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதன் வலிமைதான் பிரச்சினை. உறை வைப்பதென்றால் 3 அடி விட்டம், ஓரடி உயர உறை இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, இணைப்பைக் கலவை வைத்துப் பூசி, அடியில் ஜல்லிக் கான்கிரீட் போட்டு நான்கு வடிதுளை விட்டு, விளிம்பு தரைக்குமேல் மூன்று அங்குலம் நிற்கவேண்டும். இதில் எது குறைந்தாலும் வெளியே வந்துவிடும். விளிம்பு தரைமட்டத்தில் இருந்தால் மேலாகத் தாண்டும், அடி திறந்திருந்தால் கீழே புகுந்து வெளியே முளைக்கும். அப்புறமும் பஞ்சு விதை பறக்கும், கதிர் உதிரும் முன் அறுக்கவேண்டும். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், அகலமான தோப்பு என்றால் நானே நாணல் வைக்கச் சொல்வேன். 4 அடிப் பட்டைக்கும் கரிசலுக்கும் கூடாது. வெடித்த கரிசலுக்குள் அரைவிரல் மண்ணடித் தண்டு சிக்கினால்கூட அடுத்த மழைக்கு முளைக்கும்.

வயல்வெளி:

விதைக்கு முன் அறுப்பது சரி, அது ஞாயம். இடம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பல்லடத்தான், வேலிக்கு வெளியே ஓடை ஏதாவது இருந்தால் அங்கே இருக்கும் நாணலை அழிக்காமல் விடுங்கள், அது போதும்.

கொல்லைப்புறம்:

சோப்புத் தண்ணீர் மூலைக்குக் குடைக்கோரை வையுங்கள். புல் இல்லை, கோரை இனம், பார்வைக்குப் புல் தோட்டத்தோடு சேர்ந்துபோகும். நான்கடித் தண்டு, உச்சியில் குடைக்கம்பி மாதிரி இலை. வேர் நனைந்தே இருக்கலாம், சோப்பு நீரில் உள்ள பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் எடுத்துக்கொண்டு செழிக்கும். பிளீச்சிங் பவுடர், பாத்ரூம் ஆசிட் கலந்த தண்ணீரை மட்டும் அந்தப் பக்கம் விடாதீர்கள், கருகிப்போகும்.

விலைக்கு வாங்கவேண்டாம். யார் வீட்டிலாவது இருந்தால் முற்றிய குடை ஒன்றை இரண்டு அங்குலக் காம்போடு வெட்டுங்கள். இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, தலைகீழாக, குடை தண்ணீருக்குள் இருக்கும்படி ஒரு பக்கெட்டில் மிதக்கவிட்டு நிழலில் வையுங்கள். இலைகள் சேரும் நடுமுடிச்சிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை வேரும் குட்டித் தண்டும் கிளம்பும். வேர் இரண்டு அங்குலம் ஆனதும் சேற்றில் ஊன்றலாம். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு முட்டையிடும். இரண்டடிக் குழியில் முக்கால் பங்கு ஒன்றரை அங்குல ஜல்லி, மேலே மண் என்று போட்டால் நாற்றம் வராது.

பாம்பு விஷயம். வெட்டிவேர் வாசனைக்குப் பாம்பு வராது என்று சொல்வதை நம்பி இருக்காதீர்கள். புல்லைத் தேடிப் பாம்பு வராது, எலியைத் தேடி வரும். தூருக்கு அடியில் காய்ந்த சோகை பாவாடை மாதிரி படர்ந்தால் எலி அதற்குள் வளை தோண்டும். அதனால் தூரின் அடியில் ஓரடி உயரத்துக்குக் காய்ந்த தோகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உரித்து, தரை கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். நடைபாதைக்கும் தூர் விளிம்புக்கும் மூன்றடி இடைவெளி இருக்கட்டும். கோழித் தீவனம், விறகுக் குவியல் பக்கத்தில் வேண்டாம். குழந்தைகள் கையில் அறுக்கும் அளவுக்கு வெட்டிவேர் தோகை விளிம்பு கூர்மைதான், விளையாடும் பக்கத்தில் எலுமிச்சைப் புல்லை மாற்றி வைக்கலாமென்றால் அதுவும் அறுக்கும். ஓரத்து மழை லில்லி வரிசையே அவர்களுக்குப் போதுமான தடுப்பு.

கோடைமலை:

பம்பாஸ் பற்றி யாரும் எழுதவில்லை. அது தென் அமெரிக்கப் புல், அர்ஜென்டினா பக்கம். இரவுக் குளிர் உள்ள இடத்தில்தான் கதிர் நன்றாக வரும். பல்லடத்தில் பிழைத்தாலும் தோகையாக நிற்கும், நீங்கள் போட்டோவில் பார்க்கும் கதிர் வராது. அந்தப் பஞ்சுக் கதிர் பெண் செடியில்தான் அடர்த்தியாக இருக்கும், விதையிலிருந்து வளர்த்தால் ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை தெரியாது. முதல் பூவுக்கே இரண்டு மூன்று வருஷம். ஆன்லைனில் ரோஸ், நீலம், பச்சை என்று நிறம் நிறமாக விதைப் பொட்டலம் விற்பதெல்லாம் ஏமாற்று, நீலப் பம்பாஸ் என்று ஒன்று கிடையாது. காய்ந்த கதிருக்குச் சாயம் ஏற்றியதைப் படமெடுத்துப் போடுகிறார்கள்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கே பம்பாஸ் நன்றாக வரும், அதனாலேயே வைக்கவேண்டாம். கலிபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் தோட்டத்திலிருந்து தப்பி மலைச்சரிவைப் பிடித்த புல் இது. நமக்கு மிச்சமிருக்கும் சோலைப் புல்வெளியை ஏற்கெனவே சீகை மரமும் கிக்கியு புல்லும் நெருக்கிக்கொண்டிருக்கின்றன. ஏற்கெனவே வைத்திருந்தால் கதிர் விரிந்த உடனே, விதை பறக்கும் முன் அறுத்து வீட்டுக்குள் ஜாடியில் வைத்துக்கொள்ளுங்கள். அறுக்கும்போது முழுக்கைச் சட்டையும் தோல் கையுறையும் அவசியம், அந்தத் தோகை ரம்பம்.

பல்லடத்தான்:

எல்லாருக்கும் நன்றி. பம்பாஸ் ஆசையை விட்டுவிட்டேன். பாத்தி வேலை ஆனியில் தொடங்குகிறேன்.

கடைசியாக இரண்டு. சொட்டுநீர் போடலாமா, உப்பு சேருமே? அகல இலை ரூப்ரம் தொட்டியில் புதுத் துளிர் வெளிர் மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக வருகிறது. பழைய இலை நன்றாக இருக்கிறது. இது தண்ணீர்க் கோளாறா?

தூர்வாரி:

பழைய இலை சரியாக இருந்து இளந்துளிர் மட்டும் வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறை. தழைச்சத்துக் குறையென்றால் அடி இலையிலிருந்து மஞ்சள் ஏறும். சுண்ணாம்பு மண்ணும் உங்கள் போர் தண்ணீரும் சேர்ந்து மண்ணில் உள்ள இரும்பை வேர் எடுக்கமுடியாத நிலைக்கு மாற்றிவிடும். மண்ணில் இரும்பு போட்டால் அதுவும் அப்படியே கட்டிப்போகும். இலையில் தெளிக்கவேண்டும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில், மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ, முதலில் சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து, பிறகு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம் போடுங்கள். கரைசல் வெளிர் பச்சையாக இருக்கவேண்டும். காவி நிறமானால் கெட்டுவிட்டது, கொட்டிவிடுங்கள். மாலையில் தெளித்து, பத்து நாள் கழித்து இன்னொரு முறை. தரையிலும் சுவரிலும் பட்டால் துருக்கறை போகாது, தொட்டியைத் தள்ளி வைத்துக்கொண்டு தெளியுங்கள்.

சொட்டுநீர் போடலாம். தூருக்கு, மணிக்கு 4 லிட்டர் சொட்டும் டிரிப்பர் இரண்டு, இருபக்கமும் கழுத்திலிருந்து நான்கு அங்குலம் தள்ளி. வேர் பிடித்தபின் வெட்டிவேருக்கு வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம், ரூப்ரத்துக்கு வாரம் இருமுறை ஒரு மணி நேரம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் உப்பைச் சேர்க்கும். உப்பு எப்போதும் ஈரவட்டத்தின் விளிம்பில் வெள்ளையாகப் படியும். கோடை மழை லேசாகத் தூறினால் அந்த விளிம்பு உப்பு கரைந்து வேருக்குத் திரும்பி வந்துவிடும். அதனால் முதல் தூறலின்போது சொட்டுநீரை நிறுத்தாதீர்கள், ஓடவிடுங்கள். பலர் மழை வந்ததே என்று மூடிவிட்டு மறுவாரம் நுனி கருகுகிறது என்கிறார்கள். மாதம் ஒருமுறை ஹோஸ் வைத்துப் பாத்தி முழுவதும் நனைய விட்டால் உப்பு கீழே இறங்கும், மேட்டுப்பாத்தி போடச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

வருஷ வெட்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் புத்தகக் கணக்கு பனிக்காலம் முடிவில். நமக்கு மாசி சரி. மண்ணில் மழை ஈரம் மிச்சமிருக்கும், சித்திரை வெயிலுக்கு முன் துளிர் வந்து தூரை மூடிவிடும். வெட்டிவேரை ஒன்றரை அடி விட்டு, ரூப்ரத்தை முக்கால் அடி விட்டு வெட்டுங்கள். சித்திரையில் வெட்டினால் மொட்டைத் தூர்மேல் நேர் வெயில் பட்டுக் கழுத்து வெந்துபோகும். வெட்டிய தோகையை மூன்று அங்குல மூடாக்காகப் பாத்தியிலேயே பரப்பலாம், கழுத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிட்டு. ஒட்டிப் போட்டால் கரையான் சோகை வழியாகத் தூருக்குள் ஏறும். இலை உறையின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சும் எறும்பு வரிசையும் தெரிந்தால் மாவுப்பூச்சி. அந்தக் கிளைப்பை அடியோடு அறுத்து எடுத்துவிட்டு, லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் கலந்து இடுக்குக்குள் இறங்கும்படி அடியுங்கள். நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் தண்டுத்துளைப்பான். மருந்து வேண்டாம், அந்தத் தண்டை மண்மட்டத்தில் அறுத்து எரித்துவிடுங்கள்.

நாற்றங்கால் கோவை:

புரட்டாசிக்கு ரூப்ரம் மூன்று துண்டு போதாது என்றால் இப்போதே அந்த அகல இலைத் தொட்டியை வெயிலுக்கு மாற்றி, பெரிய தொட்டியில் ஏற்றுங்கள். 14 அங்குலத் தொட்டி, செம்மண் இரண்டு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. இரும்புத் தெளிப்பும் சேர்ந்தால் புரட்டாசிக்குள் இன்னும் இரண்டு துண்டு பிரிக்கும் அளவுக்குத் தூர் கட்டிவிடும். மெலிசு இலைத் தொட்டி இரண்டிலும் கதிர் நிமிர்ந்திருக்கிறது என்றீர்கள். அதை இன்றைக்கே அறுத்துப் பையில் கட்டிவிடுங்கள், ஆனிக் காற்றுக்கு முன்னால்.